தண்ணீர் இல்லாத தண்ணீர்க் குழாய்

பாவு நீட்டும் வேலையை ஆரணி நெசவாளர்கள் வெயில் ஏறுவதற்குள் முடிக்கப் பார்ப்பார்கள். தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்ததைப் பிணைத்து, காய்ந்ததும் சுருட்டித் தறிக்குக் கொண்டுபோவார்கள். மார்கழி விடியலில்கூட இந்த வேலைக்கு வருபவர் தோளில் ஒரு துண்டு இருந்தால் போதும். கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் இந்த ஊரின் குளிர் அவ்வளவுதான். குழாயில் தண்ணீர் உறைந்து குழாய் வெடித்தது என்று ஆரணியில் சொன்னால் கேட்பவர் நம்ப மாட்டார்.

ஆனாலும் உறைபனியிலிருந்து தீயணைப்புக் குழாய்களைக் காக்கும் கதையை இந்த ஊரிலிருந்து தொடங்குவதில் நியாயம் இருக்கிறது. கூரையில் ஓடும் அந்தக் குழாய்களைப் பெற்றெடுத்ததே நெசவுத் தொழில்தான்.

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் பருத்தி ஆலைகள் அடுக்கடுக்காக எழுந்தன. எண்ணெய் ஊறிய மரத்தளம், காற்றில் மிதக்கும் பஞ்சுத் தூசு, விளக்குச் சுடர். மூன்றும் சேர்ந்த இடத்தில் தீப்பொறி ஒன்றே போதுமானது. ஆலைக்காரர்கள் கூரையடியில் துளையிட்ட குழாய்களைப் பொருத்தினார்கள். தீப் பிடித்தால் ஒருவர் ஓடிப்போய் வால்வைத் திறக்க வேண்டும். திறந்தால் தீ எரியும் மூலை, எரியாத மூலை என்று பாராமல் தளம் முழுவதும் நனையும். நியூ ஹேவன் நகரில் பியானோ தொழிற்சாலை வைத்திருந்த ஹென்றி பார்மலி, 1874இல் வெப்பம் பட்டால் தானே திறக்கும் முனையை உருவாக்கினார். பிராவிடன்ஸ் நகரின் பிரெடரிக் கிரின்னெல் 1880களில் அதைச் செம்மைப்படுத்தி ஆலை ஆலையாகக் கொண்டுபோனார். இன்று நாம் ஸ்பிரிங்ளர் என்று சொல்வது இந்த வழியில் வந்தது. 1895 வாக்கில் பாஸ்டன் நகரைச் சுற்றி மட்டும் இக்குழாய்களின் அளவுக்கு ஒன்பது வகை விதிகள் நடைமுறையில் இருந்தன. அந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒன்றுகூடியவர்கள் 1896இல் தொடங்கியதுதான் அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம். உலகின் பல நாடுகள் ஸ்பிரிங்ளர் பற்றிப் புரட்டிப் பார்க்கும் விதிநூல் அந்தச் சங்கத்துடையது. நம் நாட்டுக்கும் தனியாக ஓர் இந்தியத் தரநிலை உண்டு: 2002இல் முதலில் வந்த ஐ.எஸ். 15105.

அந்த ஆலைகள் இருந்த நாடு பனி கொட்டும் நாடு. பஞ்சுக் கிடங்குகளில் கணப்பு கிடையாது. தீக்கென்று காத்திருக்கும் தண்ணீர் குளிரில் உறைந்துபோனால் என்ன செய்வது என்ற கேள்வி, ஸ்பிரிங்ளர் பிறந்தபோதே கூடப் பிறந்தது.

*

பட்டு எளிதில் எரியாது. ஆரணியில் எந்த நெசவாளரிடம் கேட்டாலும் சொல்வார்: நிஜப் பட்டா என்று பார்க்க ஓர் இழையைக் கொளுத்தினால், முடி கருகும் நாற்றம் வரும், நெருப்பை விலக்கியதும் அணைந்துவிடும், மிஞ்சும் கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். பட்டும் நம் முடியைப் போலப் புரதம். ஆனால் பட்டுக் கிடங்கில் இருப்பது பட்டு மட்டுமா? அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் உறை, மர அலமாரி, பருத்தி, பாலியஸ்டர் எல்லாம் உண்டு. 2017 மே 31ஆம் தேதி சென்னை தியாகராய நகரில் ஏழு மாடித் துணிக்கடை ஒன்று எரியத் தொடங்கி மறுநாளும் எரிந்ததைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது, எஞ்சியதை இடித்துத் தள்ள வேண்டியதாயிற்று.

துணி வியாபாரிக்குத் தீயைப் போலவே தண்ணீர் மீதும் பயம் உண்டு. நனைந்தால் சாயம் இறங்கும், ஜரிகை கறுக்கும். தலைக்கு மேல் தண்ணீரைத் தொங்கவிடுவதா என்று தயங்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தயக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் சினிமா. ஒருவன் தீக்குச்சியைக் கிழித்து உயர்த்திப் பிடித்ததும் மண்டபம் முழுக்க மழை பெய்யும் காட்சி வழக்கமான ஸ்பிரிங்ளரில் நடக்காது. ஒவ்வொரு முனையிலும் விரலில் பாதிகூட இல்லாத ஒரு கண்ணாடிக் குப்பி அடைப்பைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. அதற்குள் இருக்கும் திரவம் சூட்டில் விரிந்து, குறித்த வெப்பநிலை வந்ததும் குப்பியை உடைக்கிறது. எந்த முனையின் குப்பி உடைந்ததோ அந்த முனையில் மட்டும் தண்ணீர் வரும். சாதாரண முனை ஒன்றில், 1 பார் அழுத்தத்தில், நிமிடத்துக்குச் சுமார் 80 லிட்டர். ஒரு மூலையில் தொடங்கிய தீயை அங்கேயே மடக்க ஓரிரு முனைகளே பல நேரம் போதும்.

குப்பியின் நிறம் அது உடையும் சூட்டைச் சொல்லும். ஆரஞ்சு 57 டிகிரி, சிவப்பு 68, மஞ்சள் 79, பச்சை 93. கூரையடியின் சூடு 38 டிகிரியைத் தாண்டாத இடத்துக்குத்தான் ஆரஞ்சும் சிவப்பும். சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்கு அடியில் நின்று பார்த்தவர்களுக்கு 38 டிகிரி எவ்வளவு சிறிய எண் என்று தெரியும். அங்கே மஞ்சளோ பச்சையோ வேண்டும். குளிரூட்டிய கடைக்கு வாங்கிய சிவப்புக் குப்பியைத் தகரக் கொட்டகைக் கிடங்கிலும் மாட்டுவது பிழை. வெயில் ஊரின் பிழை இது. பனி ஊரின் பிழை வேறு மாதிரி, அதன் விலையும் அதிகம்.

*

தண்ணீர் விசித்திரமான பொருள். பெரும்பாலான திரவங்கள் குளிரக் குளிரச் சுருங்கிக்கொண்டே போகும். தண்ணீர் 4 டிகிரி வரை சுருங்கி, அதன் பிறகு விரியத் தொடங்குகிறது. பனிக்கட்டியாகும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் உறைந்தால் 1.09 லிட்டர் இடம் கேட்கும்.

உறையும் இடத்தில் பனிக்கட்டி குழாயைப் பக்கவாட்டில் தள்ளிக் கிழிக்கிறது என்றுதான் நாம் நினைப்போம். நடப்பது பெரும்பாலும் வேறு. ஜன்னலோரம், வெளிச்சுவரோரம் என்று குளிர் முதலில் தாக்கும் ஓரிடத்தில் பனி அடைப்பு உருவாகிறது. அது குழாயின் நீளவாக்கில் வளர்ந்து, தனக்கு அப்பால் உள்ள தண்ணீரைத் தள்ளுகிறது. அப்பால் இருக்கும் முனையோ மூடியிருக்கிறது. சிக்கிக்கொண்ட தண்ணீர் போக வழியில்லாமல் இறுகுகிறது. தண்ணீரை ஒரு சதவீதம் அமுக்க வேண்டுமென்றால் சுமார் 220 பார் அழுத்தம் தேவை. வழக்கமான ஸ்பிரிங்ளர் அமைப்பு 12 பார் அழுத்தத்துக்கு என்று வடிவமைக்கப்படுகிறது. கணக்கைப் பாருங்கள்: அடைப்பு சில அங்குலம் வளர்ந்தாலே இரும்பு தாங்காது. குழாய் வெடிப்பது பனிக்கட்டி இருக்கும் இடத்தில் அல்லாமல், இன்னும் திரவமாகவே தண்ணீர் இருக்கும் வேறோர் இடத்தில். எது பலவீனமோ அது போகும். ஸ்பிரிங்ளர் முனையின் அடைப்பே பல நேரங்களில் முதலில் இடம்பெயர்கிறது.

இரவில் வெடித்தால் சத்தம்கூடக் கேட்காமல் போகலாம். பனி அடைப்பே தண்ணீரைத் தடுத்து நிறுத்தியிருக்கும். அந்த நேரத்தில் தீப் பிடித்தால் முனை திறந்தும் தண்ணீர் வராது. மறுநாள் நண்பகலில் வெயில் வந்து அடைப்பு உருகியதும், தீயே இல்லாத அறையில் வெள்ளம் பாயும். தேவைப்படும்போது வராமலும் தேவையில்லாதபோது வந்தும் கெடுக்கிற நிலைமை இது. வியாபாரி பயந்த அதே தண்ணீர்ச் சேதம் இங்கே உண்மையாகவே வந்து சேர்கிறது.

எத்தனை டிகிரிக்குப் பயப்பட வேண்டும்? ஒரு கிலோ தண்ணீர், 0 டிகிரியில் இருந்தபடியே பனிக்கட்டியாக, 334 கிலோஜூல் வெப்பத்தை வெளியே விட வேண்டும். அதே தண்ணீரை 80 டிகிரியிலிருந்து 0 வரை ஆறவைக்கும்போது வெளியேறும் வெப்பத்துக்குச் சமம் இது. ஆகவே உறைவதற்கு நேரம் பிடிக்கும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரி விடியல்களில் புல்வெளி வெள்ளையாகிறது, கார்க் கண்ணாடியில் பனி படிகிறது. சூரியன் வந்ததும் எல்லாம் கரைகிறது. சுவருக்குள் ஓடும் குழாய்த் தண்ணீரை உறைய வைக்க அந்தச் சில மணி நேரக் குளிர் பொதுவாகப் போதாது. இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களில் வீட்டுக் கூரையிடுக்கில் குழாய்களைப் பொருத்திப் பார்த்தபோது, வெளியே ஏறத்தாழ மைனஸ் 7 டிகிரிக்குக் குளிர் இறங்கும்போதுதான் ஆபத்து தொடங்குவதாகக் கண்டார்கள். ஸ்ரீநகர் அந்தக் கோட்டைத் தாண்டும் ஊர். 2021 ஜனவரி இறுதியில் அங்கே மைனஸ் 8.8 டிகிரி பதிவானது. டிசம்பர் 21இல் தொடங்கி 40 நாள் நீளும் கடுங்குளிரைச் சில்லாய் கலான் என்று காஷ்மீரிகள் அழைக்கிறார்கள். அந்த நாட்களில் காலையில் தெருக்குழாயின் அடியில் காகிதத்தையும் சுள்ளியையும் கொளுத்தித் தண்ணீரை உருக்குவது அங்கே வழக்கமான காட்சி.

வீட்டுக் குழாயைவிட ஸ்பிரிங்ளர் குழாய்க்கு ஆபத்து கூடுதல். வீட்டில் இரவு ஒருவர் எழுந்து குழாயைத் திறந்தாலும் நிலத்தடியிலிருந்து சற்று வெதுவெதுப்பான தண்ணீர் வந்து சேரும். ஸ்பிரிங்ளர் தண்ணீர் நகராது. வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். அதனால்தான் குழாய்மேல் நுரையுறையைச் சுற்றிவிட்டால் போதும் என்ற எண்ணத்தை நான் ஆபத்தானது என்கிறேன். கம்பளி நமக்கு இதமாக இருப்பது நம் உடம்பு உள்ளிருந்து சூடு தருவதால். நிற்கும் தண்ணீரிடம் தரச் சூடு ஏது? உறை உறைவதைத் தள்ளிப்போடும். நீண்ட குளிரில் தடுக்காது.

2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலத்துக்கு நடந்தது இதற்குச் சரியான பாடம். டாலஸ், ஹூஸ்டன் என்று நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் ஊர்கள். அது வெப்பமான பகுதி, அங்கே கூரையிடுக்கில் குழாய் ஓட்டுவது சாதாரணம். அந்த வாரம் டாலஸில் மைனஸ் 19 டிகிரி வந்தது. மின்சாரமும் நின்றது, கணப்பும் அணைந்தது. வீட்டுக் குழாய்களோடு ஸ்பிரிங்ளர் குழாய்களும் ஊர் ஊராக வெடித்தன. கடுங்குளிரை ஆண்டுதோறும் காணும் டொராண்டோவில் குழாய்கள் அதற்கேற்ப அமைக்கப்படுகின்றன. குளிர் அபூர்வமாக வரும் ஊரில் முன்னேற்பாடும் அபூர்வம்.

*

விதி எளியது. தண்ணீர் நிரம்பிய குழாய் ஓடும் இடம் எந்நாளும் 4 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. அதை உறுதிசெய்ய முடியாவிட்டால் அங்கே தண்ணீரை வைக்காதே.

லடாக்கின் லே நகரில் சின்னச் சின்ன விடுதிகள் இதைத் தாமாகவே செய்கின்றன. குளிர்காலம் வந்ததும் குழாய்களை வடித்துக் காலியாக்கிவிட்டு, விருந்தினருக்கு வாளியில் தண்ணீர் தருகிறார்கள். உலர்குழாய் ஸ்பிரிங்ளரின் தத்துவமும் இதேதான். குழாயில் தண்ணீருக்குப் பதில் அழுத்திய காற்று. சூடான அறை ஒன்றில் ஒரு வால்வு இருக்கும். அதன் கீழே தண்ணீர், மேலே காற்று. தண்ணீரின் அழுத்தத்தில் ஐந்திலோ ஆறிலோ ஒரு பங்கு காற்றே அதை அடக்கி வைக்கிறது, ஏனென்றால் வால்வின் தட்டில் காற்று அமர்ந்திருக்கும் பரப்பு அத்தனை மடங்கு பெரியது. தீயில் முனை திறந்ததும் காற்று வெளியேறும், தட்டு எழும்பும், தண்ணீர் பாயும்.

இதற்கு நாம் கொடுக்கும் விலை நேரம். பெரிய அமைப்புகளில் தண்ணீர் கடைசி முனைக்கு வந்து சேர 60 நொடி வரை விதி இடம் தருகிறது. அந்த ஒரு நிமிடத்தில் தீ வளரும், இன்னும் சில முனைகள் திறக்கும். அதனால் அதே கிடங்குக்கு, தண்ணீர்க் குழாய் அமைப்பைவிட 30 சதவீதம் கூடுதல் பரப்பு ஒரே நேரத்தில் நனையும் என்று கணக்கிட்டே பம்பையும் தொட்டியையும் தேர்ந்தெடுக்கிறார்கள். துருவும் கூடுதல். முழுக்க நிரம்பிய குழாயைவிட, கொஞ்சம் ஈரமும் நிறைய காற்றும் உள்ள குழாய்தான் வேகமாக அரிக்கும். காற்றுக்குப் பதில் நைட்ரஜனை நிரப்புவது இதற்காக.

மின்கம்பியைக் குழாயோடு ஓட்டிச் சூடேற்றுவதும் உண்டு. டெக்சாஸ் போல மின்சாரம் நின்றால் அதுவும் நிற்கும். மூன்றாவது வழி கிளிசரின் அல்லது புரோபிலீன் கிளைகோலைத் தண்ணீரில் கலந்து உறைநிலையைக் கீழே இறக்குவது. பல ஆண்டுகள் இதை யாரும் பெரிதாகச் சந்தேகிக்கவில்லை. 2009இல் கலிஃபோர்னியாவின் டிரக்கி என்ற மலை ஊரில், ஒரு வீட்டுச் சமையலறைத் தீயின்மேல் இப்படி அதிகமாகக் கலந்த திரவம் தூவப்பட்டது. தூவியதே தீப்பிழம்பாக வெடித்து ஒருவர் இறந்தார். கிளிசரினும் கிளைகோலும் ஆல்கஹால் வகை, நுண்துளிகளாகத் தெறித்தால் எரியும். வேதியியல் தெரிந்த எவரும் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. ஓர் உயிர் போன பிறகே பரவலாகக் கேட்கப்பட்டது. 2010இல் அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் புதிய வீடுகளில் இதைத் தடுத்தது. பிறகு சோதித்துச் சான்று பெற்ற கலவைகளுக்கு மட்டுமே வழி திறந்தது.

*

தமிழ்நாட்டில் இந்தக் குளிர் எங்கே இருக்கிறது? தூத்துக்குடியில் ஏற்றுமதி இறால் கிடக்கும் கிடங்குக்குள் இருக்கிறது. ஐஸ்கிரீம் கிடங்குக்குள் இருக்கிறது. வெளியே 35 டிகிரி, கதவுக்கு அப்பால் மைனஸ் 18 அல்லது அதற்கும் கீழே.

பனிக்கட்டிக்கு நடுவே தீ எப்படி வரும் என்று கேட்கலாம். அந்த அறைகளின் சுவரில் குளிர் தாங்க வைப்பது பெரும்பாலும் நுரைப் பிளாஸ்டிக். உள்ளே காற்றில் ஈரம் மிகக் குறைவு, அட்டைப்பெட்டிகள் காய்ந்து கிடக்கும், ஜன்னல் கிடையாது. தென்கொரியாவின் இச்சோன் நகரில் 2008 ஜனவரி 7ஆம் தேதி குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் பற்றிய தீயில் 40 பேர் இறந்தார்கள்.

இந்த அறைகளுக்கு உலர்குழாய் வேண்டும். நம் கடற்கரை ஊர்களில் அதற்கு ஒரு தனி எதிரி உண்டு: காற்றிலுள்ள ஈரம். 30 டிகிரியில், 80 சதவீத ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றுக்குள் சுமார் 24 கிராம் நீராவி இருக்கிறது. மைனஸ் 20 டிகிரியில் அதே ஒரு கன மீட்டரால் ஒரு கிராமைக்கூடத் தாங்க முடியாது. மீதி என்னவாகும்? கம்பிரசர் வெளிக்காற்றை உறிஞ்சிக் குழாய்க்குள் செலுத்தச் செலுத்த, குளிரறைக்குள் குழாய் நுழையும் இடத்தில் அந்த ஈரம் பனியாகப் படிகிறது. மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வளர்ந்து ஒருநாள் குழாயை முழுக்க அடைத்துவிடுகிறது. அளவுமானியில் அழுத்தம் சரியாகவே காட்டும். ஆபத்தே அதில்தான். அதனால் காற்றை நன்றாக உலர்த்திச் செலுத்த வேண்டும், அல்லது ஈரமற்ற குளிரறைக் காற்றையே எடுத்துச் செலுத்த வேண்டும். குழாய் உள்ளே நுழையும் இடத்தைக் குறித்த காலத்தில் கழற்றிக் கண்ணால் பார்க்கவும் வேண்டும். கனடாவின் உலர்ந்த காற்றை மனத்தில் வைத்து எழுதிய வழிகாட்டியை அப்படியே தூத்துக்குடியில் பின்பற்றினால் போதாது என்று நான் நினைப்பது இதனால்தான்.

இன்னொன்று சாய்வு. உலர்குழாயைச் சோதிக்கும்போது தண்ணீர் உள்ளே வரும். சோதனை முடிந்ததும் அது முழுவதும் வடிய வேண்டும். கிளைக்குழாய்க்கு மீட்டருக்கு 4 மில்லிமீட்டர், அதாவது 10 மீட்டருக்கு 4 சென்டிமீட்டர் சாய்வு வேண்டும். முதன்மைக் குழாய்க்குச் சாதாரண இடத்தில் அதில் பாதி, குளிரறைக்குள் அதற்கும் அதே 4 மில்லிமீட்டர். தாழ்ந்த இடத்தில் வடிவால்வு வைத்து, குளிர் தொடங்குமுன் திறந்து வடிக்க வேண்டும். தாங்கி ஒன்று தளர்ந்து குழாய் தொய்ந்தால் அந்தத் தொய்வில் ஒரு டம்ளர் தண்ணீர் தங்கும். உறைந்து வெடிக்க ஒரு டம்ளர் போதும்.

ஆரணி, செய்யாறு, போளூர்ப் பக்கத்திலிருந்து ஐ.டி.ஐ. முடித்துக் குழாய் வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு இந்த ஒரு வேண்டுகோள். நாளைக்கு நீங்கள் தூத்துக்குடிக் கிடங்கிலோ, லேயிலோ, டொராண்டோவின் வாகன நிறுத்தத் தளத்திலோ கூரையடியில் சாரத்தில் நின்று உலர்குழாயை மாட்டக்கூடும். சாய்வில்லாமல் ஓடும் குழாய் பார்க்க அழகுதான், மேஸ்திரியும் பாராட்டுவார். ஆனால் அந்த இடத்தில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள். அங்கே குமிழி நடுவில் நிற்கக் கூடாது.